நான் எழுதாத மூன்று வரிகள்

எண்பத்தைந்தாம் ஆண்டு எங்கள் ஊர் வாசிகசாலை ஒரு நோட்டீசு அடித்தது. அதை எழுதியவள் நான் என்பது எங்கள் ஊர் மடத்துவெளி முழுக்கத் தெரியும். அதில் மூன்று வரிகள் நான் எழுதாதவை என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியாது. சொன்னேன். கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னேன், வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், கடைசியில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் ஆங்கிலத்திலும் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதாக இல்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

அப்பாவுக்குத் தெற்கில் ஒரு சிறு பட்டினத்தில் புடவைக்கடை இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் கிடக்கும் எங்கள் புங்குடுதீவில் அது புதினமில்லை. எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டு ஆம்பிளைகள் தெற்கில் எங்கேயோ கடை வைத்திருந்தார்கள், அல்லது கடையில் நின்றார்கள். நானும் அக்காவும் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் வளர்ந்தோம். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போதே காலமாகிவிட்டா. பக்கத்துச் சிங்கள வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி, அவர்களுடைய பள்ளிப் புத்தகத்தில் எழுத்துப் பழகி, தமிழ் வாசிப்பதுபோல எனக்குச் சிங்களம் வாசிக்க வந்தது. வராமல் இருந்திருக்கலாம்.

எண்பத்து மூன்று யூலைக்குச் சில கிழமைகளுக்கு முன்னால், ஒரு விடியற்காலை கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பா சிங்களம் நன்றாகக் கதைப்பார், வாசிக்கத் தெரியாது.

"என்ன பிள்ளை போட்டிருக்கு?" என்று கேட்டார்.

இந்தக் கடைக்காரச் சாதிக்குத் தாய்நாடு கிடையாது, பணம்தான் இவர்களுடைய கடவுள், நம்முடைய பிள்ளைகளின் இரத்தத்தைக் குடித்துக் கொழுத்த அட்டைகள் என்று போட்டிருந்தது. "ஏதோ விளம்பரம் அப்பா" என்று சொல்லிவிட்டு நகத்தால் சுரண்டினேன். நல்ல பசை. பாதிதான் வந்தது. அப்பா காலையில் கதவைத் திறந்து, கடையில் நின்ற சிங்களப் பெண்கள் இருவருக்கும் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்து, அவர்களில் ஒருத்தியின் அண்ணன் கலியாணத்துக்குச் சேலை எடுத்து வைத்த மனிதர். அவர் குடித்த இரத்தம் எது என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

யூலைக் கலவரத்தில் கடை எரிந்தது. முன்வீட்டுச் சிங்களவர் எங்களைத் தன்னுடைய நெல்லு அறைக்குள் ஒளித்துவைத்ததால் உயிர் மிஞ்சியது. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவுக்கு வந்தோம். அப்பா உடுத்தியிருந்த சாரத்தோடு வந்தார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அக்காவுக்குக் கலியாணமாகி, ஊருக்கு வந்து இரண்டு வருசம். அத்தான் நெடுந்தீவில் தபாற்கந்தோரில் வேலை. திங்கட்கிழமை மோட்டார்ப் படகான லோஞ்சில் போய் வெள்ளிக்கிழமை வருவார். நாங்கள் எல்லோரும் அத்தானின் சம்பளத்தில்தான் சாப்பிட்டோம். அந்த மனிதர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

வேலையில்லாமல் இருந்த அப்பாவுக்கு ஒரு பழைய ரேடியோவும் யூதர்களும் துணையாக இருந்தார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அப்பாவுக்கு அவர்கள்மேல் அவ்வளவு பக்தி.

"சிங்களவன் எங்களைக் கடைக்காரச் சாதி எண்டான். வெள்ளைக்காரன் அவங்களைக் கடைக்காரச் சாதி எண்டான். எங்கடை கடையை எரிச்ச மாதிரித்தான் அவங்கடை கடையையும் எரிச்சவங்கள். ஆனா அவங்கள் குந்தியிருந்து அழேல்லை. ஒரு நாட்டைப் பிடிச்சு, மணலுக்கை தக்காளி விளைவிக்கிறாங்கள்" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லுவார். கேட்டவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டுவார்கள். அந்த நாளில் ஊரில் பலபேர் அப்படித்தான் கதைத்தார்கள். அந்த மணலில் முதலே இருந்த சனத்தைப் பற்றி நான் ஒருமுறை கேட்டேன். தென்னிலங்கையில் எங்களை வீட்டை விட்டுத் துரத்தியதுபோல அவர்களையும் துரத்தியதுதானே என்றேன். "நீ சரித்திரம் படிப்பிக்கிறாய் எண்டாப்போலை எனக்குப் படிப்பிக்காதை" என்றார். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சரித்திரம்தான் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து நாலில், அரசாங்கம் இஸ்ரேலில் இருந்து ஆலோசகர்களைக் கூட்டிவந்திருக்கிறது என்று செய்தி வந்தது. எங்களைச் சுடுகிறவர்களுக்கு எப்படிச் சுடுவதென்று சொல்லிக்கொடுக்க. அப்பா ரேடியோவின் காதைத் திருகி வேறு நிலையத்தைப் பிடித்தார். அதிலும் அதுதான். "பொய். தங்களுக்கு நடந்ததை மறந்து அவங்கள் இப்பிடிச் செய்யமாட்டாங்கள்" என்றார். பிறகு அங்கிருந்து ரோந்துப் படகுகளும் வந்தன. சனம் அதற்கு டோரா என்று சொல்லும். வேகம் என்றால் வேகம். எங்கள் கடலில் வலை போடுகிறவர்கள், தூரத்தில் வெள்ளை நுரை தெரிந்தாலே வலையை வெட்டிவிட்டுக் கரைக்கு ஓடப் பழகினார்கள். அப்பா அதன்பிறகு தக்காளிக் கதையை விட்டார். ஆனால் மற்றவர் அவர்களைக் குறை சொன்னால் விடமாட்டார். "உலகம் முழுக்க அவங்களிலைதான் பிழை பிடிக்கும். அது பழைய வருத்தம், மாறாத நோய். குறை சொல்லுற ஒவ்வொருத்தனுக்குள்ளையும் இரும்பிலை பிடிக்கிற மாதிரி அந்தக் கறள் இருக்கு" என்பார்.

அத்தான் போனது அடுத்த வருசம்.

அந்த வெள்ளிக்கிழமை லோஞ்சின் இயந்திரம் பழுது. ஒரு மீன்பிடி வள்ளம் எங்கள் தீவின் இறங்குதுறையான குறிகட்டுவானுக்குப் போகிறதென்று கேட்டு, அத்தானும் இன்னும் ஐந்து பேரும் ஏறியிருக்கிறார்கள். நல்ல வெயில், அமைதியான கடல். பாதி வழியில் மேற்கே இருந்து ஒரு கடற்படைப் படகு வந்தது. வள்ளக்காரரும் ஒரு பெண்ணும் மட்டும் உயிரோடு வந்தார்கள். வள்ளக்காரர் தோளில் கட்டுப்போட்டபடி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே வராமல் நின்றுகொண்டு அக்காவுக்குச் சொன்னார்:

"தங்கச்சி, அவர் எழும்பி நிண்டவர். கந்தோர் அடையாள அட்டையை எடுத்து மேலை தூக்கிப் பிடிச்சவர். நாங்கள் இருக்கச் சொல்லிக் கத்தினனாங்கள். 'காட்டினால் சுடமாட்டாங்கள்' எண்டவர்."

 நான் கேட்டேன்: "டோராவோ?"

"டோரா எண்டுதான் நினைக்கிறன். வேகத்தைப் பாத்தால் அதுதான். ஆனா பிள்ளை, அந்த நேரம் நான் படகையோ பாத்தனான்?"

இதை நான் மறைக்கவில்லை. அந்தப் படகு எந்த நாடு கொடுத்த படகு என்று சத்தியம் பண்ண எங்களிடம் சாட்சி இல்லை. இரண்டு நாளைக்குப் பிறகு அத்தான் கரையொதுங்கினார். அந்த நெஞ்சில் இருந்ததைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை வாசிகசாலையில் கண்டனக் கூட்டம் வைப்பதென்று தீர்மானித்தார்கள். வாசிகசாலைச் செயலாளர் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்ரர். ஊரில் எல்லோரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய தம்பிமார் இரண்டுபேரின் கடைகளும் எண்பத்து மூன்றில் எரிந்தவைதான். அவர் என்னிடம் வந்தார்.

"பிள்ளை, உமக்கு எழுத வரும். உம்மடை வீட்டிலைதான் இழவும் விழுந்தது. நோட்டீசை நீரே எழுதித் தாரும்."

ஒரே இருப்பில் எழுதினேன். எனக்கு வந்த ஆத்திரம் அப்படி. கிட்டத்தட்ட இப்படி எழுதினேன்: எங்கள் கடலில் சனத்தைச் சுடுகிற அரசாங்கத்துக்குப் படகும் பயிற்சியும் கொடுக்கிறது இஸ்ரேல் அரசாங்கம். தங்களுடைய தாய் தகப்பன்மாரை வீட்டோடு கொளுத்தியபோது உலகம் பார்த்துக்கொண்டு நின்றது என்று சொல்லுகிறவர்கள், இங்கே கொளுத்துகிறவனுக்கு உதவி செய்கிறார்கள். பலஸ்தீனத்தில் ஊர்களை வெறுமையாக்கியவர்களுக்கு எங்கள் ஊர்கள் வெறுமையாவது ஒரு பொருட்டாக இராது. படகைத் திரும்ப எடு. ஆட்களைத் திரும்ப எடு. இறந்தவர்களின் பெயர்கள் இவை. கீழே ஐந்து பெயர்கள் எழுதி, என் கையெழுத்தும் வைத்தேன். படகைப் பற்றிச் சாட்சி இல்லாததால், அந்தப் படகு இஸ்ரேல் படகு என்று எழுதாமல் கவனமாகத்தான் எழுதினேன்.

வாசித்த அப்பா தாளை மேசையில் வைத்தார்.

"எல்லா நாடும்தான் ஆயுதம் விக்குது. நாடு எண்டால் அப்பிடித்தான். நீ இவங்களை மட்டும் ஏன் பிடிச்சுக்கொண்டாய்?"

"அப்பா, உங்கடை மருமகன் செத்துப்போனார்."

"எனக்குத் தெரியாதோ? நான்தான் கொள்ளிக்குடத்துக்குப் பக்கத்திலை நிண்டனான். ஆனா நீ எழுதுறதை வாசிக்கிறவன் யூதனெண்டால் பொல்லாதவன் எண்டுதான் எடுப்பான். படகை விட்டிடுவான்."

"அப்ப நான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கோணுமோ?"

அவர் எழும்பிக் குசினிக்குள் போனார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு அரசாங்கம் என்ன செய்தாலும், அதன் சனத்துக்கு முன்பு நடந்த கொடுமையைச் சொல்லி வாயடைக்கலாம் என்றால், செத்தவன் எங்கே போய் முறையிடுவது? அப்படிப் பார்த்தால் நாளைக்கு எங்களுக்கு ஒரு நாடு வந்து, நாங்கள் எவனுடைய கடையை எரித்தாலும் எங்களையும் ஒருவரும் கேட்கக்கூடாது.

தாளை மாஸ்ரரிடம் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் படியெடுக்கிற ரோணியோ மெசினில் அடிப்பித்தார். கூட்டத்தன்று பின்னேரம் வாசிகசாலை வாசலில் ஒரு கட்டு இருந்தது. மை இன்னும் காயவில்லை. ஒன்றை எடுத்து வாசித்தேன். என் எழுத்து அப்படியே இருந்தது. ஐந்து பெயர்களுக்கும் என் கையெழுத்துக்கும் இடையில் மூன்று வரிகள் புதிதாக இருந்தன.

யூதனுக்குத் தாய்நாடு கிடையாது, காசுதான் அவனுடைய கடவுள். உலகத்தின் இரத்தத்தைக் குடித்துக் கொழுத்த அட்டை இனம் அது. அன்று ஒருவன் தொடங்கியதை முடிக்காமல் விட்டது உலகம் செய்த பிழை.

 அந்தப் பழைய பசை நாறுகிறதுபோல இருந்தது. முதல் இரண்டும் கடைக் கதவில் இருந்த அதே வரிகள். சிங்களத்தில் இருந்ததைத் தமிழில் போட்டு, கடைக்காரச் சாதி என்ற இடத்தில் யூதனை வைத்த மாதிரி இருந்தது. மாஸ்ரர் அந்தத் தாளைப் பார்த்திருக்கமாட்டார். பார்க்கத் தேவையில்லை. இந்தச் சொற்களுக்குக் கால் இருக்கிறது. எந்த ஊரில் எவனைத் துரத்த வேண்டுமோ அங்கே தாங்களாகவே வந்து நிற்கும்.

உள்ளே போனேன். மாஸ்ரர் கதிரைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்றார்.

"மாஸ்ரர், இந்த மூண்டு வரியும் ஆர் எழுதினது?"

"நான்தான். நீர் எழுதினதிலை உறைப்புக் காணாது. படிச்ச பிள்ளையின்ரை கட்டுரை மாதிரிக் கிடந்தது. சனத்துக்கு ஏறவேணுமெல்லே."

"என்ரை கையெழுத்துக்கு மேலை போட என்னட்டைக் கேட்டனீங்களோ?"

"இதிலை என்ன கேக்கக் கிடக்கு? உம்மடை அத்தானுக்காகத்தானே எழுதினது."

"உங்கடை தம்பிமாற்றை கடையை எரிக்கேக்கை என்ன சொல்லிக்கொண்டு எரிச்சவங்கள்? தமிழனுக்குக் காசுதான் கடவுள், எங்கடை இரத்தத்தைக் குடிக்கிறான் எண்டுதானே? யாழ்ப்பாணத்திலையே எங்களைத் தீவான் எண்டு சொல்லேக்கை எப்பிடிச் சொல்லுறாங்கள்? கஞ்சன், கடைக்காரன், காசுப் பேய். உங்களுக்குக் கேக்கேல்லையோ அது?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "அது வேறை, இது வேறை. நாங்கள் பாடுபட்டு உழைச்சனாங்கள்."

"அவையும் அதைத்தான் சொல்லியிருப்பினம்."

"பிள்ளை," என்றார், குரலைத் தாழ்த்தி, "உம்மடை அக்காவின்ரை தாலியை அறுத்தவங்களுக்கு நீர் வக்காலத்து வாங்கிறீரோ?"

இந்தக் கேள்விக்கு இவ்வளவு காலமும் பதில் யோசித்து வைத்திருக்கிறேன். அன்றைக்கு நான் கட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சிவப்பு மைப் போத்தலையும் ஒரு தூரிகையையும் எடுத்து, வகுப்பறை நிலத்தில் குந்தியிருந்து, ஒவ்வொரு தாளிலும் அந்த மூன்று வரிகளையும் அழித்தேன். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். வெள்ளைச் சேலையில் அவளைப் பார்க்க அப்போது எனக்கு இன்னும் பழகவில்லை. மாஸ்ரர்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

"என்ன செய்யிறாய்?"

காட்டினேன். வாசித்தாள்.

"இதுக்கென்ன? சரியாத்தானே எழுதியிருக்கு. இன்னும் கூட எழுதியிருக்கலாம்."

"அக்கா, எங்கடை கடைக் கதவிலை இதைத்தான் ஒட்டினவங்கள்."

"ஒட்டினவங்கள். எரிச்சவங்கள். நாங்கள் என்ன செய்தனாங்கள்? நீங்கள் கப்பலேறி வந்தனீங்கள். ஆரோ ஒருத்தருக்கு ஒருக்கா வலிக்கட்டும்." என் கையிலிருந்த தூரிகையைப் பறித்து எறிந்தாள். "நீ அவரை நினைக்கேல்லை. நீ உன்ரை எழுத்தைத்தான் நினைக்கிறாய்."

அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால்தான் இன்னும் நோகிறது. மிச்சக் கட்டை அவள் எடுத்துக்கொண்டு போனாள். அழித்தவையும் அழிக்காதவையும் கலந்தே கூட்டத்தில் கொடுபட்டன.

கூட்டத்தில் நான் எழும்பினேன். பெண்கள் பக்கத்தில் இருந்து ஒருத்தி எழும்பினால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற காலம். "இந்த நோட்டீசிலை கடைசி மூண்டு வரியும் நான் எழுதேல்லை. நான் ஒரு அரசாங்கத்தைக் கேள்வி கேட்டு எழுதினனான். ஒரு இனத்தைக் கொல்லச் சொல்லி எழுதேல்லை. அரசாங்கப் படைக்குப் பயிற்சி குடுக்க வெள்ளைக்காரக் கூலிப்படையும்தான் வந்து நிக்குது. அவங்கள் வேதக்காரர், யேசுவைக் கும்பிடுறவங்கள். அதுக்காக வேதக்காரரெல்லாம் அட்டை எண்டு ஆரும் எழுதுறீங்களோ? கரம்பொன் வேதக்கோயிலடியிலை போய்ச் சொல்லுங்கோ பாப்பம்" என்றேன்.

யாரோ விசிலடித்தார்கள். "இருத்துங்கோ அவளை" என்றது ஒரு குரல். இன்னொருவர், பிள்ளைக்குத் துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று மற்றவர்களைச் சமாதானப்படுத்தினார். அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம். அப்பா பின்வரிசையில் இருந்தார். தனக்குத்தான் வெற்றி என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். இது வெற்றியா? நான் படகைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லையும் பின்வாங்கவில்லை. அப்பாவுக்கும் அது விளங்கவில்லை, மாஸ்ரருக்கும் விளங்கவில்லை. ஒருவருக்கு நான் எழுதியது எல்லாமே விசம். மற்றவருக்கு அதில் விசம் காணாது.

அடுத்தநாள் பள்ளிக்கூட மதிலில் கரியால் ஒரு சொல் எழுதியிருந்தது. துரோகி. அந்தக் காலத்தில் அந்தச் சொல் விளையாட்டில்லை. இயக்கங்களின் தண்டனையாக அந்தச் சொல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு லைற் கம்பத்தில் தொங்கியவர்களை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்து அக்காமார் இரண்டுபேர் தண்ணி ஊற்றிக் கழுவினார்கள். வாசிகசாலைக்கு நான் பிறகு போகவில்லை. அக்கா பல மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரே குசினியில், ஒரே அடுப்பில், சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

எண்பத்தாறில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்து கார் பிடித்து வந்தார். கடலில் சனம் சுடப்படுவதைப் பற்றி எழுதுகிறாராம். சாட்சிகளைத் தேடி, வள்ளக்காரரிடம் கேட்டு, எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். சாந்தமான மனிதர். செருப்பை வெளியே கழற்றினார். அக்கா கதவு நிலையில் நின்று சொன்னாள், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அடையாள அட்டையைத் தூக்கிப் பிடித்ததைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்தினார். படகைப் பற்றிக் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததையும் சொன்னேன்.

பிறகு பையில் இருந்து ஒரு மடித்த தாளை எடுத்தார். எங்கள் நோட்டீசு. சிவப்பு மை படாதது. யாழ்ப்பாணத்தில் யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஓம்."

"இந்த வரிகளும்?"

சொன்னேன். யார் எழுதியது, எப்படி எழுதியது, நான் என்ன செய்தேன், எல்லாம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. நம்பவில்லை, அல்லது நம்பினாலும் உதவாது.

"என்னுடைய அம்மா யூதப் பெண். அவர் சிறுமியாக இருந்தபோது அவருடைய தகப்பனின் கடைக் கதவில் இதே வசனங்களைத்தான் எழுதினார்கள். அந்தக் குடும்பத்தில் எஞ்சியது அம்மா மட்டும்" என்றார்.

 அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் கதவைச் சுரண்டிய நாள் என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். எங்கள் கடையைப் பற்றிச் சொன்னேன். அந்தத் தாளில் இருந்ததை வரிக்கு வரி சொன்னேன். அவர் கேட்டார். கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆயுதம் விற்கிற நாடுகள் பல. மக்கள் ஏன் எப்போதும் இந்த ஒரு நாட்டையே பிடிக்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. இப்படி ஒரு தாளைப் பார்த்தபிறகு, உங்கள் குற்றச்சாட்டில் எது நியாயம், எது வெறுப்பு என்று என்னால் பிரிக்க முடியவில்லை" என்றார்.

அவருடைய கேள்வி பிழையான கேள்வி இல்லை. மாஸ்ரரை வைத்துப் பார்த்தால் அது சரியான கேள்வி. மாஸ்ரர், வேறு நாட்டுப் படகு என்றால் அந்த நாட்டுக் கொடியைத்தான் திட்டியிருப்பார். இந்தப் படகு என்றதும் எங்கேயோ கிடந்த பழைய அழுக்கை எடுத்துப் பூசினார். ஆனால் அத்தானைச் சுட்டது அழுக்கில்லை. அது துவக்குச் சன்னம்.

"பிரிக்கலாம்," என்றேன். என் ஆங்கிலம் தடுமாறியது, குரல் கூடிவிட்டது. "நான் பிரித்தேன். சிவப்பு மையால் பிரித்தேன். மற்ற நாடுகளைப் பற்றியும் கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் எங்கள் கடலில் ஓடுவது இந்தப் படகு. இந்தத் தாளைப் பற்றி எழுதுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வெட்கக்கேடான தாள் என்று எழுதுங்கள். என் அத்தானைப் பற்றியும் எழுதுங்கள். இரண்டும் நடந்தது."

"முயற்சி செய்கிறேன்" என்று எழும்பினார்.

அக்கா நிலையைப் பிடித்தபடி கேட்டாள்: "என்னவாம்?"

சொன்னேன். ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். அவருடைய அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அந்த மூண்டு வரியாலையோ இவர் என்ரை அவரைப் பற்றி எழுதமாட்டாராம்?" என்றாள்.

"எழுதமாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனா..."

கார் தூசி கிளப்பிக்கொண்டு போனது. அக்கா வாசலில் இறங்கினாள். வெள்ளைச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒழுங்கை வழியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். மாஸ்ரர் வீட்டு வேலிப் படலையடியில் நின்று, படலையைக் கையால் அடித்துக் கூப்பிட்டாள். அக்கா சத்தம்போட்டுக் கதைத்து நான் முன்பு கேட்டதே இல்லை.

"வெளியாலை வாங்கோ மாஸ்ரர்! உங்களுக்கு உறைப்புக் காணாமல் இருந்ததோ? என்ரை மனுசன் கையைத் தூக்கிக்கொண்டு செத்தது உங்களுக்கு உறைப்புக் காணேல்லையோ? இப்ப கேக்க வந்த மனுசன் உங்கடை வரியைப் படிச்சிட்டுப் போறார். என்ரை மனுசனைப் படிக்கேல்லை!"

அக்கம் பக்கத்தார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்ரர் வெளியே வரவில்லை. அவருடைய மனுசிதான் வந்து, "பிள்ளை, அவருக்குச் சுகமில்லை, போங்கோ" என்றா. அக்கா இன்னும் ஒருமுறை படலையை அடித்தாள். உள்ளங்கையில் கம்பி கிழித்து இரத்தம். திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு எனக்குச் சோறு போட்டபோது முன்னால் இருந்து தானும் சாப்பிட்டாள்.

சில மாதங்களுக்குப் பிறகு, வெளிநாட்டில் இருந்த எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அந்தக் கட்டுரையை வெட்டி அனுப்பினார். கடலில் நடக்கும் கொலைகளைப் பற்றி ஒரு பந்தி இருந்தது, பெயர்கள் இல்லாமல். தீவுகளில் யூத வெறுப்பு நோட்டீசுகள் கொடுபடுவதைப் பற்றி மூன்று பந்தி. படகு எங்கிருந்து வந்தது என்பது எந்தப் பந்தியிலும் இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டு, அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தார். "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. "படகைப் பற்றி ஒரு சொல்லு எழுதியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பத்திரிகைக்காரர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அவருடைய அம்மாவுக்கு நடந்ததை நினைத்து அழுதிருக்கிறேன். ஆனாலும் ஆறவில்லை. தன் தாயின் காயத்தைப் பார்த்த கண்ணால் என் அக்காவின் காயத்தைப் பார்க்க அவருக்கு ஏலாமல் போனதே என்ற கோபம். மாஸ்ரர்மேல் உள்ள கோபம் வேறு மாதிரி. அவர் எங்களிடம் இருந்த ஒரே பொருளை, எங்கள் பக்கத்து நியாயத்தை, சாக்கடைக்குள் போட்டு எடுத்துக் கொடுத்தார். அதை முகர்ந்து பார்த்தவர்கள் மூக்கைப் பொத்தினால், முதல் குற்றம் யாரில்?

தொண்ணூறுக்குப் பிறகு, இராணுவம் இறங்கியதால், தீவுகளில் சனம் நிலைக்கவில்லை. நாங்களும் தொண்ணூற்றொன்றில் யாழ்ப்பாணம் போய், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சீலை கட்டிப் பிரித்த ஒரு மூலையில் இருந்தோம். அப்பா அங்கேதான் காலமானார். மாஸ்ரர் குடும்பமும் அதே மண்டபத்தில், நாலு சீலை தள்ளி. ஒரு காலை கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நிற்கும்போது அவர் எனக்கு முன்னால் நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். அந்தப் பக்கத்து ஊரவர் இருவர், எங்களைப் பார்க்காத மாதிரி, "தீவார் வந்த நாளிலை இருந்து கிணறு வத்துது. வந்த இடமெல்லாம் உறிஞ்சுற சனம்" என்று கதைத்துக்கொண்டு போனார்கள்.

மாஸ்ரர் திரும்பி என்னைப் பார்த்தார். இருவருக்கும் கேட்டது.

"அந்த நேரம் கோவத்திலை எழுதினது பிள்ளை" என்றார்.

"கோவம் எனக்கும் இருந்தது மாஸ்ரர்" என்றேன்.

அவருடைய முறை வந்தது. வாளியை இறக்கினார். வயது போன கை, கயிறு வழுக்கியது. மற்றப் பக்கத்தைப் பிடித்து இழுத்துக் கொடுத்தேன். மன்னித்து இழுக்கவில்லை. பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.